மோட்டார் சுழலும் விதம்



நெல்லிக்குப்பம் என்றதும் பலருக்கும் சர்க்கரை ஆலையே நினைவுக்கு வரும். பாரி கம்பெனியார் 1842-இல் தொடங்கிய ஆலை அது. கரும்பு வயல்களின் பக்கம் நடந்தால் மற்றோர் ஒலியும் காதில் விழும். அது கிணற்று மேட்டுக் கொட்டகையில் ஓடும் மின்சார மோட்டாரின் இரைச்சல். அந்த மோட்டார் எவ்வாறு சுழல்கிறது என்பதைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். எனினும், அதைச் சரியாக உணர்ந்தது ஒரு மோட்டார் எரிந்த பிறகுதான்.

ஒரு கோடையில் என் தமையனார் ஆளனுப்பினார். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமியது, சுழலவில்லை. "நீ படித்தவனாயிற்றே தம்பி, என்னவென்று பார்" என்றார். பம்பில் ஏதோ சிக்கியிருக்கும் என்று எண்ணி, மீண்டும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் நெடி எழுந்தது. வாடிய கரும்புக்குப் பத்து நாள் தண்ணீரில்லை.

காந்தப் புலத்தில் மின்னோட்டம் செல்லும் கம்பி உந்தப்படுகிறது. அந்த உந்துதலால் கம்பியைத் தொடர்ந்து சுழல வைக்கலாம் என்று 1821-இல் பாரடே காட்டினார். மின்கலத்தில் ஓடும் விளையாட்டு மோட்டாரில், சுழலும் சுருளுக்குக் கரித்துண்டுகள் வழியே மின்சாரம் செல்கிறது. நம் வீட்டு மிக்சியும் கரித்துண்டு உள்ளதே. அதன் இரைச்சலும் தீப்பொறியும் உங்களுக்குத் தெரியும்.

கிணற்று மோட்டாரில் கரித்துண்டே இல்லை. நிலையான வெளிப்பகுதியில் மூன்று தொகுதிச் சுருள்கள் உள்ளன. மும்முனை மின்சாரம் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் அடைகிறது. ஆகவே, இரும்பு அசையாதிருக்க, காந்தப் புலம் மட்டும் சுழல்கிறது! அப்புலம் உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டங்களில் மின்னோட்டத்தைத் தூண்ட, உட்பகுதி புலத்தைத் துரத்தி ஓடுகிறது. பெராரிஸ், டெஸ்லா ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட இம்முறை 1888-இல் உலகிற்கு வெளியாயிற்று. நம் நாட்டின் 50 சைக்கிள் மின்சாரத்தில், நான்கு துருவ மோட்டாரின் புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். உட்பகுதியோ ஏறத்தாழ 1440 முறைதான். எட்டிப் பிடித்துவிட்டால் தூண்டலும் இல்லை, உந்துதலும் இல்லை.

ஒருமுனை மின்சாரத்தில் புலம் சுழல்வதில்லை; எழுந்து அடங்குகிறது, அவ்வளவே. எந்தப் பக்கம் திரும்புவது என்று மோட்டாருக்குத் தெரியாது. கூரை மின்விசிறியில் இரண்டாவது சுருளும் கண்டென்சரும் சேர்ந்து அந்தத் திசையைச் சொல்லிக் கொடுக்கின்றன. கண்டென்சர் கெட்ட விசிறி வெறுமனே முனகுவது இதனால்தான்.

தமையனாரின் மோட்டாருக்கும் இதுவே நேர்ந்தது. மூன்று பியூஸ்களில் ஒன்று போயிருந்தது. நின்ற மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறியது. காயில் கட்டுபவர் அதைப் பிரித்துக் காட்டினார். இரண்டு தொகுதிகள் கரியாகியிருந்தன. மூன்றாவது புத்தம் புதிதாக இருந்தது. அதைக் கண்டதுமே அவருக்கு நோய் விளங்கிவிட்டது. ஓடும்போது ஒரு முனை போனாலோ மோட்டார் நிற்காது, ஓடிக்கொண்டே வேகும். அது இன்னும் ஏமாற்றுவது.

சுருளை மாற்றியபோது, ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் தடுப்புக் கருவி ஒன்றையும் பொருத்தினோம். அதன்பின் எப்போது உறுமல் கேட்டாலும் தமையனார் முதலில் சுவிட்சை நிறுத்துவார். பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்.