அமெரிக்க முதியோர் நிதியும் அரசாங்கக் கடனும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் மக்கள் சிலர் இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உத்தியோகத்தில் அமர்ந்துள்ளனர். ஆங்கு ஊதியத்தில் நூற்றுக்கு 6.2 வீதம் முதியோர் காப்பு வரியாகப் பிடிக்கப்படுகின்றது. வேலை கொடுப்போரும் அவ்வளவே செலுத்துகின்றனர். அப்பணம் யாதாகின்றது, முதுமையில் பயன் தருமா என்பதைக் குறித்துச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் இவ்வேற்பாடு தோன்றிற்று. இஃது அவரவர் பெயரால் இட்டுவைக்கும் சேமிப்பன்று. இன்று உழைப்போர் செலுத்தும் வரியே இன்று ஓய்ந்திருப்போர்க்கு உதவிப்பணமாகச் செல்கின்றது. 1950-இல் உதவி பெறுவார் ஒருவர்க்கு வரி செலுத்துவோர் பதினாறு பேர்க்கு மேல் இருந்தனர். இக்காலத்தில் மூவரினுங் குறைவு. பிறப்புக் குறைந்தது, ஆயுள் நீண்டது.

1983-இல் கையிருப்பு வற்றுந் தறுவாயில், வரியை உயர்த்தி, முழு உதவிக்குரிய வயதையும் 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக ஏற்றச் சட்டஞ் செய்தனர். அதன்பின் பல்லாண்டு மிச்சம் விழுந்தது. அம்மிச்சத்தை அரசாங்கமே கடனாகப் பெற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. பத்திரம் பொய்யன்று, அதற்கு வட்டியும் உண்டு. ஆயினும் அதனை மீட்டற்கு அரசாங்கம் வரி விதித்தல் வேண்டும். அன்றிப் பிற செலவைச் சுருக்குதல் வேண்டும். அன்றிப் பிறரிடம் கடன் கொள்ளல் வேண்டும். அவ்வரசாங்கத்திற்கோ 2024-ஆம் நிதியாண்டில் விழுந்த துண்டு மட்டும் ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி டாலர்!

2021 முதல் நிதியின் வரவினுஞ் செலவு மிக்கது. முதியோர் நிதியின் கையிருப்பு 2033-இல் தீருமென்றும், பின்னர் வரும் வரியால் உரிய உதவியில் நூற்றுக்கு 77 வீதமே கொடுக்கவியலும் என்றும் அதன் பொறுப்பாளர்கள் 2025-இல் அறிவித்தனர். இருப்புக்கு மேற் கொடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே, வாளாவிருப்பின் வெட்டுத் தானே வந்து விழும். அவ்வுதவியையே நம்பி அடுப்பெரிக்கும் கிழவிக்கு நூற்றுக்கு 23 என்பது சிறிய கணக்கன்று.

பரிகாரம் அறியாமலில்லை. வரியை ஏற்றலாம், வரி பிடிக்கும் ஊதிய வரம்பை உயர்த்தலாம், உதவியைக் குறைக்கலாம். இவற்றுள் எதனைச் சொல்லினும் வாக்குக் குறையுமென்று அஞ்சி இரு கட்சியாரும் நாள் கடத்துகின்றனர். கடத்துந்தோறும் சுமை சிலராண்டுக்குள் அடங்கிக் கனக்கின்றது. இன்று பகிர்ந்தால் யாவர்க்குஞ் சிறிது. நாளை பகிர்ந்தால் எஞ்சியோர்க்குப் பெரிது.

ஆண்டுள்ள நம் இளைஞர்க்கு யாம் சொல்லுவது இதுவே: பொதுவாக 40 காலாண்டு, அதாவது பத்தாண்டு, வரி செலுத்தினார்க்கே அவ்வுதவி உரியது. அதனை முழுதும் நம்பவும் வேண்டா. முற்றும் வெறுக்கவும் வேண்டா. ஊதியம் வருங்காலத்தே தமக்கென வேறொரு பங்கு ஒதுக்குவாராக. இவ்வளவிற் கூறி அமைகின்றோம்.