உறவை அளக்கும் கோல்: உளவியல் சோதனைகளில் ஏற்புடைமை

ஒரு தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டலாம். அந்த எடை ஒவ்வொரு முறையும் 100 கிராம் குறைவாகவும் இருக்கலாம். மாறாது காட்டுவது நம்பகத்தன்மை. அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. உளவியல் சோதனைகளில் பின்னதை நிலைநாட்டுவதே அரிது.

மணவாழ்வின் இசைவு கண்ணால் காணத்தக்க பொருளன்று. இத்தகைய கருத்தமைவுகளை அளக்கும் சோதனைக்குப் பல திசைகளிலிருந்தும் சான்று திரட்ட வேண்டுமென 1955இல் கிரான்பாக், மீல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர். அதே ஆண்டில் இந்தியாவில் பாட்டியாவின் செயல்வழி அறிவுத்திறன் சோதனைத் தொகுப்பு வெளிவந்தது. எழுத்தறியாதவர்களின் நினைவாற்றலை எண்களால் சோதிக்காமல் ஒலிகளால் சோதிக்க அதில் வழி செய்யப்பட்டது. பள்ளிப் படிப்பை அளந்துவிட்டு அறிவை அளந்ததாகக் கூறும் பிழையைத் தவிர்க்கும் முயற்சி அது.

உறவுகளை அளப்பதிலோ சிக்கல் இன்னும் மிகுதி. ஸ்பேனியர் 1976இல் அமெரிக்காவில் வெளியிட்ட இணையர் இசைவு அளவுகோலில் 32 வினாக்கள் உண்டு. துணைவரை முத்தமிடுவது எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது அவற்றுள் ஒன்று. ஒரே அறையில் மூன்று தலைமுறை உறங்கும் வீட்டில் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை அன்பைக் காட்டுகிறதா, அறைகளின் எண்ணிக்கையைக் காட்டுகிறதா? பெற்றோர், மாமனார் மாமியாரிடம் நடந்துகொள்ளும் முறை பற்றியும் அதே 32இல் ஒரு வினாதான் இருக்கிறது. பல இந்தியக் குடும்பங்களில் பாதிப் பூசல் அங்கேதான் தொடங்குகிறது! சொற்களை மட்டும் பிழையின்றி மொழிபெயர்த்து இக்குறையை நீக்கிவிட இயலாது.

மதிப்பெண்ணை ஆராய்ச்சியாளர் பயன்படுத்துவது வேறு. அலுவலர் பயன்படுத்துவது வேறு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களை அமர்த்த வகைசெய்கிறது. அவர்கள் முன் வரும் பெண் "எங்களுக்குள் சச்சரவே இல்லை" என்று குறித்தால் அது இசைவாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். கணவன் அருகிலிருக்க நிரப்பிய தாளுக்கும் தனியே நிரப்பிய தாளுக்கும் ஒரே பொருள் கொள்ள முடியுமா? நூற்றுக்கணக்கான தம்பதியரின் சராசரியை ஒப்பிடுவதற்கு ஏற்புடையதென நிறுவப்பட்ட கருவி, ஒரு தம்பதி சேர்ந்து வாழலாமா என்பதை முடிவு செய்யவும் ஏற்புடையதாகிவிடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். அச்சான்று இல்லாதபோது, இருவரையும் தனித்தனியே சந்தித்துக் கேட்டறிந்தவற்றோடு ஒப்புநோக்கிய பின்னரே அம்மதிப்பெண் கோப்பில் இடம்பெறலாம்.