சந்திரனுக்குப் போன பெண்ணும் ரொக்கட் செய்த ஆசிரியர்களும்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே ரொக்கட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விஞ்ஞான நிகழ்ச்சிக்குப் போகவேண்டியவன் வழி தவறி இங்கே வந்துவிட்டானோ என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ரொக்கட்டின் வரலாற்றைத் தேடிக்கொண்டு போனால் ஒரு நாவலிலும் ஒரு திரைப்படத்திலும் போய் முட்டவேண்டியிருக்கிறது.

விஞ்ஞானப் புனைகதையைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக ஒரு வார்த்தையைப் பயன்படுத்துவார்கள்: தீர்க்கதரிசனம். அன்று கதையிலே கண்டது இன்று நடந்துவிட்டது பாருங்கள் என்பார்கள். இந்த வார்த்தை எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1902 ஆம் ஆண்டு பிரான்சிலே ஜோர்ஜ் மெலியேஸ் என்பவர் சந்திரனுக்குப் போகும் பயணத்தைப் படமாக்கினார். கால் மணித்தியாலம் கூட ஓடாத படம். ஒரு பெரிய பீரங்கியில் மனிதரை அடைத்துச் சுடுகிறார்கள். குண்டு போய்ச் சந்திரனுடைய கண்ணிலே குத்தி நிற்கிறது. மெலியேஸ் அடிப்படையில் ஒரு மந்திர வித்தைக்காரர். அவருக்கு வேண்டியிருந்தது வித்தை, விஞ்ஞானம் அல்ல. பீரங்கியை அவர் ஜூல் வேர்ணின் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். வேர்ண் 1865 இல் எழுதிய அந்த நாவலில் பீரங்கியின் நீளம் 900 அடி. அது புளோரிடாவிலே நிறுவப்படுகிறது. ஒரு நூற்றாண்டின் பின்னர் அப்பல்லோ விண்கலங்கள் புறப்பட்டதும் புளோரிடாவிலிருந்துதான். இங்கேதான் பலர் தீர்க்கதரிசனம் என்று கைதட்டுவார்கள். அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்குக் கிட்டிய தென்கோடி எது என்று தேசப்படத்தைப் பார்த்தவர் எவரும் அந்த இடத்தைத்தான் காட்டியிருப்பார் என்பதே உண்மை.

அந்த நாவலைத் திரான்சில்வேனியாவிலே ஒரு பையன் படித்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயதளவு இருக்கும். படித்து வியந்ததோடு நின்றுவிடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தான். 900 அடி நீளக் குழாய்க்குள்ளே ஒரு குண்டு விநாடிக்கு பதினொரு கிலோமீற்றர் வேகத்தை எட்டவேண்டுமானால் உள்ளே இருப்பவர்மேல் எவ்வளவு அழுத்தம் விழும்? புவியீர்ப்பைப்போல இருபதினாயிரம் மடங்குக்கும் மேல். வேர்ணின் வீரர்கள் பீரங்கி வாயைத் தாண்டுமுன்பே கூழாகியிருப்பார்கள். ஆகவே மெல்ல மெல்ல வேகமெடுக்கும் ஒரு வாகனம் வேண்டும். அது ரொக்கட்டாகத்தான் இருக்கமுடியும். அந்தப் பையனின் பெயர் ஹேர்மன் ஓபெர்த்.

ஓபெர்த் வளர்ந்து, இந்த விடயத்தையே கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேடாக எழுதினார். 1922 இல் அது நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதையே ஒரு சிறு நூலாக அச்சிட்டார். பெயர் 'கோள்களின் வெளிக்கு ரொக்கட்'. பின்னர் ஊருக்குத் திரும்பிப் பாடசாலை ஆசிரியரானார். பல்கலைக்கழகம் வேண்டாமென்று தள்ளிய அந்த நூலைப் படித்துவிட்டுத்தான் ஜேர்மனியிலே இளைஞர்கள் ரொக்கட் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். 1927 இல் ஒரு விண்பயணக் கழகமும் அமைத்துக்கொண்டார்கள்.

இந்த வேளையிலேதான் சினிமா குறுக்கே வருகிறது. 'மெற்றோபொலிஸ்' என்ற படத்தினால் உலகப் புகழும், அதைத் தயாரித்த ஊஃபா நிறுவனத்துக்குப் பெரும் நட்டமும் தேடிக்கொடுத்திருந்த நெறியாளர் ஃபிறிட்ஸ் லாங், தமது மனைவி தேயா ஃபொன் ஹார்பு எழுதிய சந்திரப் பயண நாவலைப் படமாக்க முனைந்தார். பெயர் 'சந்திரனில் ஒரு பெண்'. ஜேர்மனியரின் சந்திரனிலே இருப்பது ஓர் ஆண். அதனால் அத்தலைப்பு அவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும். சந்திரனிலே எப்போதோ ஒரு பாட்டியைக் குடியேற்றிவிட்ட நமக்கு அதன் குறும்பு விளங்காமல் போவதில் வியப்பில்லை.

லாங் தமது படத்துக்கு ஆலோசகராக ஓபெர்த்தை பேர்ளினுக்கு அழைத்தார். இதைத்தான் கவனிக்கவேண்டும். படத்திலே வரும் ரொக்கட் பின்னாளைய ரொக்கட்டை ஒத்திருக்கிறதென்றால், அது கதாசிரியரின் ஞானதிருஷ்டி அல்ல. ரொக்கட்டின் கணக்குகளைப் போட்ட மனிதரே ஸ்ரூடியோவிலே நின்று, இப்படிக் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

படம் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஓடுகிறது. முதற் பாதியிலே உளவாளிகளும் திருட்டும் காதற் சிக்கலுமாகக் கதை இழுபடுகிறது, பொறுமை வேண்டும். ஆனால் ரொக்கட் புறப்படும் கட்டம் வந்ததும் நிமிர்ந்து உட்காராமல் இருக்கமுடியாது. வானளாவிய கொட்டகையின் கதவுகள் திறக்கின்றன. நிமிர்த்தி வைத்தபடியே ரொக்கட் தண்டவாளத்தின்மேல் ஊர்ந்து வெளியே வருகிறது. கென்னடி விண்வெளி நிலையத்திலே 111 மீற்றர் உயரமான சட்டேர்ண் ஐந்து ரொக்கட் அதன் கட்டடத்திலிருந்து வெளியே வந்த செய்திப்படத்தைப் பார்த்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ரொக்கட் பல கட்டங்கள் கொண்டது. எரிந்து முடிந்த கட்டம் கழன்று விழுகிறது. பயணிகள் அழுத்தத்தைத் தாங்கப் படுக்கையிலே கிடக்கிறார்கள். எடையற்ற நிலையிலே காலை மாட்டிக்கொள்ளத் தரையிலே வார்கள் இருக்கின்றன. போத்தலிலிருந்து வெளிவரும் திரவம் உருண்டைகளாக மிதக்கிறது. வெளியே மக்கள் திரண்டு நிற்க, ஒரு வானொலி அறிவிப்பாளர் ஒலிவாங்கியின் முன் நின்று புறப்பாட்டை வர்ணிக்கிறார். இது பேசாப் படம், நேயர்களே! அவருடைய குரல் ஒருவருக்கும் கேட்காது. புறப்பாட்டுக்காவது ஒலி சேருங்கள் என்று நிறுவனத்தார் கேட்டும் தாம் மறுத்துவிட்டதாக லாங் பின்னாளிலே சொன்னார்.

அந்த மௌனத்தினால்தான் ஒரு பெரிய காரியம் நடந்தது. ரொக்கட் எப்போது கிளம்பும் என்பதை ஒலியில்லாமல் எப்படிக் காட்டுவது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் எந்த எண்ணிலே முடியும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தலைகீழாக எண்ணினால் தெரியும். ஐந்து, நான்கு, மூன்று என எழுத்துகள் திரையை நிரப்பிக்கொண்டு வந்து, 'இப்போது!' என்ற சொல்லோடு ரொக்கட் எழுகிறது. இன்று உலகெங்கும் ரொக்கட் ஏவும் எவரும் செய்கின்ற இறங்குமுக எண்ணிக்கையை மக்கள் மனத்திலே பதித்தது இந்தப் படம். ஓபெர்த்தின் நூலிலிருந்து வந்ததல்ல அது. கொட்டகையிலே இருப்பவனின் நெஞ்சு எப்போது படபடக்கும் என்று தெரிந்த ஒரு கதைசொல்லியின் யோசனை. மற்றவையெல்லாம் விஞ்ஞானம் சினிமாவுக்குக் கொடுத்த கடன். இது ஒன்றுதான் சினிமா திருப்பிக் கொடுத்தது.

சந்திரனில் இறங்கியதும் படம் சறுக்கிவிடுகிறது. பால்டிக் கடற்கரை மணலை லொறிகளிலே ஏற்றிவந்து ஸ்ரூடியோவிலே கொட்டியிருந்தார்கள். அந்த மணலின்மேல் பாத்திரங்கள் சாதாரண உடையோடு மூச்சுவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். சந்திரனின் மறுபக்கத்திலே காற்று உண்டு என்ற பழைய ஊகம் ஒன்றை ஹார்பு பிடித்துக்கொண்டார். ஒரு பேராசிரியர் நீரோட்டம் பார்க்கும் குச்சியோடு திரிகிறார், தங்கமும் கிடைக்கிறது. போகும் வழியிலே அவ்வளவு சரியாக இருந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடத்திலே இவ்வளவு பிழைவிட்டது ஏன் என்று கேட்டால், நடிகரின் முகத்தைக் கவசத்துக்குள்ளே மறைக்க எந்த நெறியாளர்தான் விரும்புவார் என்று தோன்றுகிறது.

படம் 1929 ஒக்டோபர் 15 ஆம் திகதி பேர்ளினில் வெளியாயிற்று. அன்று ஓபெர்த் அங்கே இருக்கவில்லை. வெளியீட்டு விளம்பரத்துக்காக ஓர் உண்மையான ரொக்கட்டைச் செய்து ஏவுவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அவரோ கணித ஆசிரியர், பட்டறையில் பழகியவரல்லர். பரிசோதனையொன்றிலே பெற்றோலும் திரவ வாயுவும் சேர்ந்து வெடித்ததில் கண்ணும் செவியும் பாதிக்கப்பட்டன. நாளும் போதவில்லை. மனமுடைந்து ஊருக்குப் போய்விட்டார். விளம்பர ரொக்கட் பறக்கவேயில்லை.

ஆனால் அவர் விட்டுப்போன கருவிகளில் ஒரு பகுதி விண்பயணக் கழகத்தின் கைக்கு வந்தது. 1930 ஜூலையிலே ஓபெர்த் மறுபடியும் வந்து, தமது சிறிய இயந்திரத்தை ஓர் அரச ஆய்வுகூடத்தில் எரியவைத்துக் காட்டினார். ஒன்றரை நிமிடம் எரிந்தது. ஏறத்தாழ ஏழு கிலோ உந்துவிசை. உதவிக்கு நின்றவர்களிலே பதினெட்டு வயது மாணவன் ஒருவன், வேர்னர் ஃபொன் பிரௌன். இரண்டு வருடத்திலே அந்த மாணவனை ஜேர்மன் இராணுவம் அழைத்துக்கொண்டது.

இனிச் சொல்லப்போவது இனிமையான கதையல்ல. 1942 ஒக்டோபர் 3 ஆம் திகதி பீனமுண்டே என்ற கடலோர இராணுவத் தளத்திலிருந்து பிரௌனின் குழு ஏவிய ரொக்கட் 80 கிலோமீற்றருக்கும் மேலே எழுந்தது. அதன் அடிப்பகுதியிலே பிறைச் சந்திரன்மேல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் தீட்டப்பட்டிருந்தது. லாங்கின் படத்தை அவர்கள் மறக்கவில்லை. லாங் 1933 இலேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார். தேயா ஃபொன் ஹார்பு அங்கேயே தங்கி நாஸிக் கட்சியில் சேர்ந்தார். அவர்கள் படத்திலே அந்தச் சந்திர ரொக்கட்டுக்கு வைத்திருந்த பெயர் 'ஃபிறீட'. கதாநாயகியின் பெயரும் அதுதான். ஜேர்மன் மொழியிலே சமாதானம் என்று பொருள்.

அந்த ரொக்கட்டே வி-2 ஆயிற்று. 1944 செப்டெம்பர் முதல் மூவாயிரத்துக்கும் மேல் ஏவப்பட்டன. பெரும்பாலானவை லண்டனிலும் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரிலும் விழுந்தன. 1944 டிசெம்பர் 16 அன்று அன்ற்வேர்ப்பிலே 'ரெக்ஸ்' என்ற திரையரங்கின்மேல் ஒன்று விழுந்தது. உள்ளே ஒரு கௌபோய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. 567 பேர் மாண்டார்கள். ஒரே வி-2 குண்டு கொன்ற ஆகக்கூடிய தொகை அதுதான். தோமஸ் பிஞ்சனின் 'கிராவிட்டீஸ் ரெயின்போ' என்ற 1973 ஆம் ஆண்டு நாவலைப் படித்தவர்களுக்கு, அது ஒரு திரையரங்கின் கூரைக்கு மேலே ரொக்கட் வந்து நிற்கும் கணத்தோடு முடிவது நினைவிருக்கும். லாங்கின் படமும் அந்நாவலுக்குள்ளே வருகிறது.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. வி-2 குண்டுகளைச் செய்தவர்கள் மலைக்குள்ளே குடைந்த சுரங்கங்களில் அடைக்கப்பட்ட கைதிகள். டோரா முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் அறுபதினாயிரம் பேர் வதைபட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் இறந்துபோனார்கள். இந்த ஆயுதம் விழுந்து இறந்தவரைவிட இதைச் செய்யும்போது இறந்தவரே அதிகம் என்பது வரலாற்றாசிரியர் முடிபு. பிரௌன் அந்தச் சுரங்கங்களுக்குப் போய்வந்தவர், எஸ்.எஸ். படையில் பதவி வகித்தவர். அதே பிரௌனே பின்னர் அமெரிக்கா சென்று, 1955 இல் டிஸ்னியின் தொலைக்காட்சிப் படத்திலே தோன்றி விண்பயணக் கனவை வீடுவீடாகக் கொண்டுசேர்த்து, சட்டேர்ண் ரொக்கட்டையும் ஆக்கினார். அவரைப் போற்றும் நூல்களிலே டோராவுக்கு ஒரு பந்தியாவது கிடைக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பதுண்டு.

ரஷ்யப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் ஒரு பாடசாலை ஆசிரியர், ஸியோல்கோவ்ஸ்கி. சிறு வயதிலே காய்ச்சல் கண்டு செவிப்புலனை இழந்தவர். ரொக்கட் மூலம் விண்வெளிக்குப் போகலாம் என்று 1903 இலேயே எழுதியவர். அவரையும் சினிமாக்காரர்கள் தேடிப்போனார்கள். 'விண்வெளிப் பயணம்' என்ற படத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படங்கள் பல. 1935 செப்டெம்பரில் அவர் காலமாக, படம் 1936 இல் வெளியாயிற்று. அதிலே மனிதருக்கு முன் விலங்குகள் அனுப்பப்படுகின்றன. பயணிகளில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். லைக்கா என்ற நாய் 1957 இலும், வலன்ரீனா தெரெஸ்கோவா 1963 இலும் போனார்கள். விண்கலத்தின் பெயர் ஜோசப் ஸ்டாலின்! அக்காலத்திலே வேறு எந்தப் பெயரை வைத்திருக்கமுடியும்?

நம் நாட்டோடும் இக்கதைக்கு ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் இங்கே வாழ்ந்து 2008 இல் கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க், ஸ்ரான்லி கியூப்ரிக்கோடு சேர்ந்து '2001' படத்தை எழுதினார். அது 1968 ஏப்ரலிலே வெளிவந்தது; அவ்வருட டிசெம்பரில் அப்பல்லோ 8 சந்திரனைச் சுற்றியது. அந்தப் படத்துக்கு ஆலோசகராகவும் வடிவமைப்பாளராகவும் கியூப்ரிக் சேர்த்துக்கொண்ட ஓர்ட்வே, லாங்கே ஆகிய இருவரும் பிரௌனின் நாஸா நிலையத்திலே வேலை செய்தவர்கள். இங்கும் அதே கதைதான்: கரையின் இருபுறமும் ஒரே ஆட்கள்.

மறுபடியும் லாங்கின் படத்துக்கு வருகிறேன், அதன் முடிவைச் சொல்லவில்லை. சந்திரனிலே நடக்கும் கைகலப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒட்சிசன் தாங்கி பழுதாகிவிடுகிறது. எஞ்சிய காற்று எல்லோரும் திரும்பப் போதாது, ஒருவர் தங்கவேண்டும். சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குச்சிகளை எடுத்துப் பார்க்கிறார்கள். தோற்றவன் நடுங்குவதைக் கண்டு, வென்ற ஹேலியுஸ் அவனை மயக்கி ஏற்றிவிட்டுத் தான் தங்கிவிடுகிறான். ரொக்கட் கிளம்பிய பின் திரும்பிப் பார்த்தால் ஃபிறீடவும் அங்கே நிற்கிறாள்.

1970 ஏப்ரல் 13 ஆம் திகதி சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 இன் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. கலத்தின் பெயர் ஒடிஸி. மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென்று கொண்டுபோன சிறு கலத்துக்குள்ளே புகுந்துகொண்டார்கள். அது இருவருக்காகச் செய்யப்பட்டது. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டி அதிலே பொருந்தவில்லை. பிளாஸ்ரிக் உறையையும் புத்தக அட்டையையும் ஒட்டுநாடாவையும் கொண்டு பொருத்தும் வழியை ஹூஸ்டனிலே இருந்தவர்கள் செய்துபார்த்து, வானொலி வழியாக ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏப்ரல் 17 ஆம் திகதி மூன்று பேரும் பசிபிக் கடலிலே இறங்கினார்கள்.