காற்றை விற்ற காசு யாருக்கு?

2005-ல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தப்படி, பணக்கார நாடு தன் இலக்கில் ஒரு பகுதிக்கு, ஏழை நாட்டில் குறைச்சதை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்ட முடிந்தது. ஏழை நாடு நீடித்து வளரணும்னும் அதிலேயே எழுதியிருக்கு. நடந்தது என்ன? குளிர்பதன வாயு ஆலைகள் தங்கள் கழிவான எச்.எஃப்.சி-23-ஐ ஒரு டன் எரித்தால், 11,700 டன் கரியமில வாயுவைக் குறைத்ததாகச் சான்று! எரிக்கிற செலவோ சொற்பம். சான்றுக்காகவே உற்பத்தியைக் கூட்டுறாங்கன்னு புகார் கிளம்பி, 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடை போட்டது. ஆலைக்குப் பணம், ஊருக்கு?

2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் விவசாயத்துக்கும் கார்பன் சந்தை வழிமுறையை வெளியிட்டது. நம்ம மண்ணில் சேரும் கரியை அளக்கப்போவது யார்? தரகு எவ்வளவு? நிலம் பல வருச ஒப்பந்தத்தில் மாட்டினால் குத்தகைக்காரர் கதி? ஒப்பந்தத்தைத் தமிழில் கொடு, கிராம சபையில் படி, எங்கள் பங்கை எழுத்தில் சொல்! அதுவரை எந்தத் தாளிலும் நாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம்.