தராசும் சீட்டும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விளைச்சலைப் பெருக்கும் வழிகளைப் பற்றி இம்முகாமில் அறிஞர்கள் பலர் விரிவாக எடுத்துரைத்தார்கள். விளைந்ததை விற்கும் இடத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நல்ல விதை தேடி, நீர் பாய்ச்சி, உரமிட்டு, நான்கு மாதம் பாடுபட்டுச் சேர்த்த பலன் அரை மணி நேரத்தில் கைநழுவிப் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. தராசுத் தட்டே அந்த இடம். ஆகவே தராசைப் பற்றியும், அதன் மீது அரசாங்கம் வைத்திருக்கும் கண்காணிப்பைப் பற்றியும், அக்கண்காணிப்பில் நமக்கு உள்ள பங்கைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு விவசாயி 75 கிலோ கொண்ட 60 மூட்டை நெல்லைக் களத்திலேயே விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்குக்காக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கப்படுகிறது. வெறுஞ்சாக்கைத் தனியே நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் இராது. ஆக, ஒரு கிலோ வீணே போயிற்று. தராசு சரிபார்க்கப்படாததனால் மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்துக் காட்டுகிறது என்றும் கொள்வோம். மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 60 மூட்டைக்கு 90 கிலோ. ஒரு மூட்டைக்கும் மேற்பட்ட நெல், விலை பேசாமலே கை மாறிவிடுகிறது. ஏக்கருக்கு 25 கிலோ விதைநெல் என்று கணக்கிட்டாலும், மூன்றரை ஏக்கருக்கு விதைப்பதற்கு அது போதும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழியைச் சொல்லிக் கணக்கே பார்க்காமல் இருந்துவிடுபவர் நம்மில் பலர். கணக்குப் பார்க்காததனால்தான் உழக்கும் மிஞ்சவில்லையோ என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது.

அளவை காத்த மரபு

அளவையைக் காப்பது ஆள்வோரின் கடமை என்பது நம் நாட்டுக்குப் புதிய கருத்தன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது. அது 'இராசகேசரி' என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்பதையும் அக்கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. எந்த மரக்காலால் அளப்பது என்பதைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவர்களில் பொறித்து வைத்த ஊர்களும் உண்டு. யாருக்கேனும் சந்தேகம் எழுந்தால் சுவரண்டை சென்று தம் கோலை வைத்து ஒப்பிட்டுக் கொள்ளலாம். அளவை ஊரறிய இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

பிற்காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. படியும் வள்ளமும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எட்டு வீசை ஒரு மணங்கு என்பது பொது வழக்கமாயினும், எந்த ஊர் மணங்கு என்று கேட்டுக்கொண்டுதான் விலை பேச வேண்டியிருந்தது. பெரிய படியால் வாங்கிச் சிறிய படியால் விற்றவர்க்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. நாடு முழுமைக்கும் ஒரே அளவை வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் அளவை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஏப்ரல் முதல் செயற்படும் சட்டமுறை எடையளவுச் சட்டமாகும்.

வியாபாரத்துக்குப் பயன்படும் ஒவ்வொரு தராசும், ஒவ்வொரு எடைக்கல்லும் அரசாங்க முத்திரை பெற்றிருக்க வேண்டும். எடைக்கற்களையும் கைத்தராசையும் 24 மாதத்துக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசையும் லாரி எடைமேடையையும் 12 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை இட வேண்டும். முத்திரையிட்டதற்கான சான்றிதழை யாவரும் காணும்படி மாட்டி வைக்க வேண்டும். பண்டைக் காலத்தில் கோயிற் சுவர் செய்த வேலையை இன்று அந்தச் சான்றிதழ் செய்கிறது. ஆனால் அதைப் படித்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

சந்தையில் ஒழுங்கு

எடை சரியாயிருந்தால் மட்டும் போதாது. விலையும் நேர்மையாகப் பேசப்பட வேண்டும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, பொருளுக்கு உரியவன் அறியாதபடி விலை பேசும் பழக்கம் முன்னாளில் இருந்தது. தரகு, தர்மக் கழிவு, தூசிக் கழிவு, மாதிரி என்று பல பெயர்களில் பிடித்தமும் இருந்தது. 1928-இல் அறிக்கை அளித்த விவசாய ராயல் கமிஷன் இத்தகைய முறைகேடுகளை ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறைச் சந்தை தொடங்கப்பட்டது. 1959-இலும் 1987-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இவ்வேற்பாட்டை மேலும் விரிவாக்கின.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடப்பது யாது? கொண்டுவந்த சரக்குக்குக் குவியல் எண் இடப்படுகிறது. வியாபாரிகள் சரக்கைப் பார்த்துத் தாங்கள் தரும் விலையைத் தனித்தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பின்னர்ச் சீட்டுகள் பிரிக்கப்பட்டு, உயர்ந்த விலை அறிவிக்கப்படுகிறது. அந்த விலை பிடிக்காவிட்டால் விற்க மறுப்பதற்கு விவசாயிக்கு முழு உரிமை உண்டு. சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது; விற்பவரிடம் தரகு பிடிக்கப்படுவதில்லை. விலை குறைந்திருக்கும் காலத்தில் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறவும் வசதி உண்டு. 2016-இல் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையின் வழியாக, வெளியூர் வியாபாரியும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கக்கூடிய ஏற்பாடும் வந்திருக்கிறது.

"வியாபாரத்தில் அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும்? வாங்குபவனும் விற்பவனும் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு நேர்மையான வியாபாரியே நல்ல விடை கூறுவார். ஒருவர் சரியான தராசு வைத்து, நியாயமான விலை சொல்கிறார். மற்றொருவர் மூட்டைக்கு 20 ரூபாய் கூடுதலாகச் சொல்லி, எடையில் ஒன்றரைக் கிலோவை எடுத்துக்கொள்கிறார். நெல் கிலோ 22 ரூபாய் என்று வைத்தாலும் அதன் மதிப்பு 33 ரூபாய். விலையை மட்டும் பார்க்கும் விவசாயி இரண்டாமவரிடமே போவார். முதல்வர் கடையை மூட வேண்டியதுதான். கண்காணிப்பு இல்லாத சந்தையில் முதலில் தோற்பவர் நேர்மையான வியாபாரியே. ஆகவே சட்டம் வியாபாரத்துக்குப் பகையன்று. நல்ல வியாபாரத்துக்கு அது வேலி.

இந்த வேலி அரசாங்கத்துக்கும் பொருந்தும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் தராசும் முத்திரை பெற்ற தராசாகவே இருக்க வேண்டும். அங்கே மூட்டைக்கு இவ்வளவு என்று யாரேனும் கைநீட்டினால், அதைக் கொடுக்க வேண்டிய கடமை எந்த விவசாயிக்கும் இல்லை. தனியாருக்கு ஒரு தராசு, அரசாங்கத்துக்கு ஒரு தராசு என்பது சட்டத்தில் கிடையாது.

கண்காணிப்பு எங்கே நின்றுபோகிறது?

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் முறைகேடு ஏன் ஓயவில்லை? ஆய்வாளர் ஒருவர், அவர் பார்க்க வேண்டிய கடைகளும் சந்தைகளும் களங்களும் பல. ஒவ்வொரு களத்திலும் அவர் நின்றுகொண்டிருக்க இயலாது. இது ஒரு காரணம். ஆயினும் பிரதான காரணம் வேறு. விதைக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடையின்போது அதே வியாபாரியின் தராசை நோக்கி, "இதற்கு முத்திரை உண்டா?" என்று கேட்கத் தயங்குகிறார். அடுத்த போகத்துக்குப் பணம் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. விற்பனைக்கூடம் ஐந்து மைலில் இருந்தாலும் அவருக்கு அது எட்டாத தொலைவுதான். இத்தகைய விற்பனையில் சீட்டும் இல்லை. சீட்டு இல்லாத இடத்தில் புகார் கொடுத்தாலும் அதிகாரி எதை வைத்து விசாரிப்பார்? எவ்வளவு எடை, எவ்வளவு கழிவு, என்ன விலை, என்ன தேதி என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தால்தான் சட்டத்தின் கண் திறக்கும்.

ஆகவே நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: அரசாங்க முத்திரை பாதி வேலையையே செய்யும். மீதிப் பாதி, தராசின் எதிரில் நிற்பவர் கேட்கும் கேள்வியால் நிறைவேற வேண்டும். ஏழை விவசாயி அக்கேள்வியைத் தனியே நின்று கேட்க இயலாது. ஊர் அவருக்காகக் கேட்க வேண்டும். அங்கேதான் ஊராட்சியின் பணி தொடங்குகிறது.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவதாக, ஊராட்சிக்கு உட்பட்ட வாரச்சந்தையை எடுத்துக்கொள்வோம். அதைக் குத்தகைக்கு விடும்போது, முத்திரையிட்ட தராசு இல்லாதவருக்குக் கடை போட இடம் தரக் கூடாது என்பதை நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்க்க முயலலாம். கூடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு என்ற கட்டண விவரத்தைப் பெரிய பலகையில் எழுதிச் சந்தை வாயிலில் நிறுத்த வேண்டும். பலகை இல்லாத சந்தையில் குத்தகைதாரர் சொன்னதே கட்டணமாகிவிடும். கொடுத்த பணத்துக்குச் சீட்டுத் தரப்படுகிறதா என்பதையும் உறுப்பினர்கள் நேரில் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றை ஊரின் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் களத்தில் எடை போட்டாலும் முதலில் அக்கல்லைத் தராசில் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டால், யாரையும் சந்தேகித்ததாக ஆகாது. ஊர் வழக்கம் என்றே அது கருதப்படும். மின்னணுத் தராசில் சுமை ஏற்றுமுன் சுழி காட்டுகிறதா என்று பாருங்கள். மேடைத்தராசாயின், அதே கல்லை நான்கு மூலைகளிலும் மாற்றி வையுங்கள். நான்கு இடத்திலும் ஒரே எடை காட்ட வேண்டும். தராசு சமதரையில் நிற்க வேண்டும். வெறுஞ்சாக்கை நிறுத்து, அதன் எடையை மட்டுமே கழிக்க வேண்டும். இவற்றைச் செய்யப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவதாக, சிறு விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஐந்து மூட்டைக்காரருக்குத் தனி வண்டி கட்டுபடியாகாது. கூட்டாகச் சென்றால் கட்டுபடியாகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் பெறுமாறு அவர்களை ஊக்குவியுங்கள். முன்பணத்தின் பிடி தளர்ந்தால்தான் விற்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்தரம் வரும்.

நான்காவதாக, கிராம சபையில் இதைப் பேசுங்கள். சந்தையில் எந்தத் தராசுக்கு முத்திரை காலாவதியாகிவிட்டது, எந்தக் கட்டணம் பலகையில் கண்டதற்கு மேல் வசூலிக்கப்படுகிறது என்பவற்றைத் தீர்மானமாக எழுதி, உரிய துறைக்கு அனுப்புங்கள். தனியொருவர் கொடுக்கும் புகாரைக் காட்டிலும் ஊர் கூடி நிறைவேற்றும் தீர்மானத்துக்கு வலிமை மிகுதி.

நம் கையிலும் ஒரு தராசு

முடிக்குமுன் ஒன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் உள்ளது. கூலி பற்றிய சட்டங்களைக் கவனிப்பதும் அத்துறையே. இது நிர்வாக ஏற்பாடுதான் என்றாலும், இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே விவசாயத் தொழில் சேர்க்கப்பட்டிருந்தது. நெல்லை விற்கும்போது தராசின் ஒரு பக்கம் நிற்கும் நாமே, கூலி கொடுக்கும்போது மறு பக்கம் நிற்கிறோம். நம் களத்தில் நாற்று நட்டவரும் அறுத்தவரும் தம் உழைப்பை நம் தராசில் வைக்கிறார்கள். பெண் என்பதற்காகக் கூலியைக் குறைப்பதும், இன்று வா நாளை வா என்று அலைக்கழிப்பதும், எடையில் குறைப்பதற்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. வியாபாரியிடம் நியாயம் கேட்கும் உரிமை, தொழிலாளிக்கு நியாயம் செய்தவருக்கே உறுதியாக வாய்க்கும்.

நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் பெருமானும் தராசையே எடுத்துக்கொண்டார். அந்தக் கோல் ஒரு பக்கமும் சாயாமல் நிற்கச் சட்டமும் வேண்டும், அதிகாரியும் வேண்டும், விழித்திருக்கும் ஊரும் வேண்டும். வருகிற அறுவடைக்கு முன் உங்கள் ஊர்ப் பொதுவில் ஒரு முத்திரைக்கல், சந்தை வாயிலில் ஒரு கட்டணப் பலகை, விற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு ஆகிய இம்மூன்றும் இருக்கும்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.