காது இரைந்தால் நினைவு போய்விடுமா?



"சாமி, ராத்திரியெல்லாம் காதுக்குள்ளே ஒரே இரைச்சல். இது மறதி நோயில கொண்டுபோய் விட்டுருமா?" வயதானவர்கள் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது.

காது இரைச்சல்தான் மறதி நோயை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. குறும்பி அடைப்பு, அதிக சத்தத்தில் வேலை செய்தது, சில மருந்துகள் எனப் பல காரணங்களால் அது வரலாம். ஆனால் இரைச்சலோடு பல நேரம் காது மந்தமும் சேர்ந்து வரும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. மறதி நோய்க்கு வழிவிடக்கூடியவை, நாம் கவனித்தால் சரிசெய்யக்கூடியவை என 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும் அவற்றுள் ஒன்று.

சரியாகக் காதில் விழாதவர், திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டுப் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "என்னப்பா சொன்னே?" என்று தாத்தா கேட்கும்போது, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறோமே, அந்தத் தனிமையை நாமே கொடுக்கிறோம்.

காது கேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்கிறது மாற்கு நற்செய்தி. அவருக்கென்று நேரம் கொடுத்தார். நாமும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போவோம். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். காதுக்குக் கருவி வேண்டுமென்றால், கண்ணுக்குக் கண்ணாடி போடுவதுபோல் கூச்சமின்றிப் போட்டுக்கொள்ளட்டும்.

பெற்றோரின் அறிவு தளர்ந்தாலும் பொறுமையாய் இருக்கச் சொல்கிறது சீராக்கின் ஞானநூல். அந்தப் பொறுமையை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.