கணக்குக்குள் வந்த புகை



பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கப் போகிறோம் என்று ஒரு மாநில அரசு அறிவிப்பது இப்போதெல்லாம் பெரிய செய்தி இல்லை. ஓர் ஆண்டையும் ஓர் இலக்கையும் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். அதற்குப் பிறகு யார் அளக்கிறார்கள், எதை அளக்கிறார்கள், அளவு மீறினால் கேட்பவர் யார் என்பதெல்லாம் அவ்வளவாக வருவதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம். அந்தக் கணக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக விடாமல் எழுதிவரும் மாநிலம் அமெரிக்காவின் கலிபோர்னியா. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1943 ஜூலையில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் மேல் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் கவிந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றே சிலர் பயந்தார்கள். உண்மைக் காரணம் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன. கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர், ஹாலந்தில் பிறந்தவர். அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர். பழத்தின் ஆவியைப் பிடித்த அதே முறையில் ஊர்க்காற்றையும் பிடித்துப் பார்த்தார். கார்ப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் சேர்ந்துதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று நிறுவினார். கார் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

1967-இல் ரொனால்ட் ரீகன் அங்கே ஆளுநர். நம் ஊர் ஆளுநர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், மாநில ஆட்சியே அவர் கையில்தான். ரீகன் காலத்தில் மாநிலக் காற்று வள வாரியம் உருவானது. அதன் முதல் தலைவர், நம் அன்னாசிப் பேராசிரியர்.

இந்த வாரியத்துக்கு வேறெந்த மாநில வாரியத்துக்கும் இல்லாத ஓர் உரிமை உண்டு. வாகனப் புகைக்கு மத்திய அரசு விதி போடுவதற்கு முன்பே கலிபோர்னியா போட்டுவிட்டது. அதனால் மத்திய அரசின் அனுமதியோடு, நாட்டு விதியைவிடக் கடுமையான விதியை அந்த மாநிலம் மட்டும் வகுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் விரும்பினால் அதைப் பின்பற்றலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

2002-இல், கார்கள் கக்கும் கரியமில வாயுவுக்கே கட்டுப்பாடு என்று ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். கொண்டுவந்தவர் பிரான் பாவ்லி, பள்ளி ஆசிரியையாக இருந்து சட்டமன்றம் போனவர். நான்கே ஆண்டுகளில், சபாநாயகர் பேபியன் நூன்யெஸுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அடுத்த சட்டம்தான் பேர் பெற்றது: மசோதா எண் 32. 2006 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டவர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். ஆமாம், டெர்மினேட்டர் படத்து அர்னால்டேதான். ஹம்மர் என்ற ராட்சத வண்டிகளை ஆசை ஆசையாக வாங்கி ஓட்டியவர்; கட்சியும் சட்டமன்றப் பெரும்பான்மைக்கு எதிர்க்கட்சி. அவர் கையால் அது சட்டமானது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான்: 2020-க்குள் மாநிலத்தின் மொத்த வாயு வெளியீடு 1990-இல் இருந்த அளவுக்கு இறங்க வேண்டும். எப்படி என்பதை வாரியம் பார்த்துக்கொள்ளும், திட்டம் எழுதும், ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது அதைத் திருத்தி எழுதும். முதல் திட்டம் 2008-இல் வந்தது. வேறு பல இடங்களில் இந்த மாதிரித் திட்டங்கள் அலமாரியில் தூங்குகின்றன. இங்கே தூங்காததற்கு நான் நினைக்கும் காரணம், எழுதியவர்களிடமே விதி போடவும் அபராதம் விதிக்கவும் அதிகாரம் இருந்ததுதான். நாற்பது ஆண்டுகளாக கார் கம்பெனிகளோடு மோதிப் பழகியிருந்த அலுவலகம் அது.

முதல் வேலை கணக்கு. 1990-இன் அளவு 43.1 கோடி டன் என்று வாரியம் வகுத்தது. மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கரியமில வாயுவாக மாற்றிக் கூட்டிய தொகை. இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு பக்கத்து மாநிலங்களின் நிலக்கரி நிலையங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. யூட்டா பாலைவனத்தில் கரி எரியும், நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் ஓடி வந்து இங்கே விளக்கு எரியும். எல்லைக்குள் வரும் புகையை மட்டும் எண்ணியிருந்தால் அந்த மின்சாரம் சுத்தமோ சுத்தம் என்று ஆகியிருக்கும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் புகையும் வாங்குபவர் கணக்கில்தான் என்று எழுதிவிட்டார்கள். அதே ஆண்டில் இன்னொரு சட்டம், எரிவாயு மின்நிலையத்தைவிட அதிகம் புகை கக்கும் மின்நிலையங்களோடு புதிதாக நீண்டகால ஒப்பந்தம் போடக் கூடாது என்றது. நிலக்கரி மின்சாரம் அந்த மாநிலத்தில் தேய்ந்துபோனதற்கு, பேர் தெரியாத இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2010-இல் வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வேலையின்மை 5.5 சதவீதத்துக்கு இறங்கி ஓராண்டு அப்படியே நிற்கும்வரை சட்டத்தை நிறுத்திவைக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வந்தது. அதற்குப் பெரும்பணம் கொடுத்தவை டெக்சாஸைச் சேர்ந்த இரண்டு எண்ணெய்க் கம்பெனிகள். பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். வேலை போன நேரத்தில் மக்கள் இப்படி வாக்களித்தது அன்றைக்கு ஆச்சரியம்தான்.

பிறகு வந்தது ஏலம். ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள், தேவை குறைந்தவர் தம் முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக் கொடுப்பதும் உண்டு அல்லவா? ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். மாநிலம் முழுவதும் ஆண்டுக்கு இவ்வளவு டன் என்று ஓர் உச்சவரம்பு; ஆண்டுதோறும் அது இறங்கும். ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஆலை ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சில சீட்டுகள் இலவசம், மற்றவை ஏலம். மிச்சமிருந்தால் விற்கலாம். 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் பெட்ரோல், டீசலும் சேர்ந்தன. ஏலப் பணத்தில் ஒரு பகுதி, வீட்டு மின்கட்டண ரசீதில் தள்ளுபடியாகத் திரும்ப வருகிறது.

ஆனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு இந்தத் தள்ளுபடி பெரிய ஆறுதல் இல்லை. லாஸ் ஏஞ்சலீஸின் வில்மிங்டன், வடக்கே ரிச்மண்டு போன்ற பகுதிகளில் பெரும்பாலும் ஏழைகள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பின மக்களும் அதிகம். ஆலை சீட்டு வாங்கிவிட்டால், அதன் கரியமில வாயுவோடு சேர்ந்து வரும் நச்சுப்புகை அங்கே அப்படியே இருக்கும். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே இதைச் சொல்லிவந்தார்கள். 2012-இல் வந்த சட்டம் ஏலப் பணத்தில் கால் பங்கு இப்படிப்பட்ட பகுதிகளின் நன்மைக்குப் போக வேண்டும் என்றது. பணம் போனது சரி, புகை போகவில்லை என்ற அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது.

2020-க்கான இலக்கை மாநிலம் 2016-லேயே தொட்டுவிட்டது: 42.9 கோடி டன். நான்கு ஆண்டு முன்னதாக. அரசு கொண்டாடியது. 2008-இன் பொருளாதார வீழ்ச்சியும் இதில் ஒரு கூட்டாளி; நல்ல மழை பெய்து அணை மின்சாரம் கூடியதும் இன்னொன்று. இருந்தாலும் குறைவில் பெரும்பகுதி மின்சாரத்தில் நடந்தது. சூரிய மின்பலகையும் காற்றாலையும் உண்மையாகவே கரியின் இடத்தைப் பிடித்தன.

வண்டிதான் மசியவில்லை. மாநில வெளியீட்டில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போக்குவரத்து. 2013-க்குப் பிறகு சில ஆண்டுகள் அது ஏறிக்கொண்டே போனது. பெட்ரோல் மலிந்தது, வண்டிகள் பெருத்தன. இன்னொரு காரணம் வீடு. சான் பிரான்சிஸ்கோ பக்கம் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் மலைக்கு அந்தப்பக்கம் சமவெளி ஊர்களில் குடியேறி, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் காரோட்டி வேலைக்கு வருகிறார்கள். குடியிருப்பையும் பேருந்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று 2008-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பத்தாண்டு கழித்து வாரியமே அறிக்கை கொடுத்தது: ஆளுக்கு ஓட்டும் தூரம் குறையவில்லை, கூடியிருக்கிறது. காற்று வாரியத்தால் கார் கம்பெனிக்கு உத்தரவு போட முடியும். எந்த ஊரில் யார் எத்தனை மாடி கட்டலாம் என்பது அந்தந்த ஊர் நகராட்சியின் கையில் இருந்தது.

காட்டின் கதை வேறு. ஏலத் திட்டத்தில் ஆலைகள் தங்கள் சீட்டுக் கடமையில் சிறு பங்கை, எங்கோ ஒரு காட்டை வெட்டாமல் காப்பதற்குப் பணம் கொடுத்தும் தீர்க்கலாம். 2021-இல் ஓரிகன் மாநிலத்தில் எரிந்த பூட்லெக் காட்டுத்தீ, அப்படிக் கணக்கில் வைத்திருந்த ஒரு காட்டுக்குள்ளேயே புகுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் மட்டும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த ஆண்டின் தீ வெளியிட்டது சுமார் 12.7 கோடி டன் என்றும், பதினாறு பதினேழு ஆண்டுகளில் மாநிலம் குறைத்ததைப்போல அது ஏறக்குறைய இரு மடங்கு என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காட்டுத்தீ வாரியத்தின் இலக்குக் கணக்கில் சேர்வதில்லை. காடு மறுபடி வளர்ந்து வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்பது வாதம். மீண்டும் எரியாமல் வளர்ந்தால் சரி.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2022-இன் வெளியீடு ஏறக்குறைய 37.1 கோடி டன். 2030-க்குள் 1990 அளவிலிருந்து 40 சதவீதம் குறைய வேண்டும், அதாவது 26 கோடி டன்னுக்குக் கீழே. ஆண்டுக்குச் சராசரியாக 1.4 கோடி டன் குறைத்தால்தான் உண்டு. 2016 முதல் 2022 வரை, கொரோனா முடக்கத்தையும் சேர்த்தே, ஆண்டுக்கு ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் குறைந்தது. பகலில் சூரிய மின்சாரம் வழிகிறது, மாலையில் பற்றாக்குறை. அதற்காக 10,000 மெகாவாட்டுக்கு மேல் பேட்டரிகளை நிறுவியிருக்கிறார்கள். மூட முடிவு செய்திருந்த டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தையும் 2030 வரை ஓட்ட 2022-இல் சட்டம் இயற்றினார்கள்.

மீதி வண்டியில்தான் குறைய வேண்டும். 2035 முதல் விற்கும் புதிய கார்கள் எல்லாம் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்று வாரியம் விதி போட்டிருந்தது. அந்த விதிக்கு மத்திய அரசு கொடுத்த அனுமதியை நாடாளுமன்றம் ரத்து செய்ய, 2025 ஜூன் 12 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவும் இன்னும் சில மாநிலங்களும் அன்றைக்கே வழக்குத் தொடுத்தன. செப்டம்பரில் மாநிலம் தன் கையிலிருக்கும் ஏலத் திட்டத்தை 2045 வரை நீட்டித்துக்கொண்டது. கடைசித் திட்டம் 2022-இல் எழுதியது. ஐந்தாண்டுக் கணக்குப்படி அடுத்ததை 2027-க்குள் எழுத வேண்டும். கார் விதி இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே வாரியத்தார் அந்தப் பக்கங்களை எழுத உட்கார வேண்டியிருக்கும்.